முகாமுக்கு முந்திய பன்னிரண்டு நாட்கள்

2024 ஜனவரி 8 ஆம் திகதி தென் கொரியாவில் தொடங்கவிருந்த சிறுவர் ஆங்கில முகாமொன்றில் மூன்று வாரங்கள் கற்பிப்பதற்காக, 2023 டிசெம்பர் 27 ஆம் திகதியே ரொறன்ரோவிலிருந்து போய் இன்சொன் விமான நிலையத்தில் இறங்கிவிட்டேன். முகாம் தொடங்குவதற்கு முதல்நாள் வந்தால் போதும், பேருந்து அனுப்பி ஏற்றிக்கொள்வோம் என்றுதான் என்னை வேலைக்கு எடுத்தவர்கள் எழுதியிருந்தார்கள். இடைப்பட்ட நாட்களுக்கு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் என்னுடையவை. அப்படியிருந்தும் முன்கூட்டியே போனதற்கு ஒரு காரணம் இருந்தது. பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வந்தபோது, சனிக்கிழமை இரவு விமானத்தால் இறங்கிய என்னைத் திங்கட்கிழமை காலையிலேயே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். அந்த முதல் வாரத்தில் ஆசிரியை என்ன சொன்னார் என்பது எனக்கு ஞாபகமில்லை. கழிவறை எங்கே என்று கேட்கத் தெரியாமல் நின்றது மட்டும் நேற்று நடந்ததுபோல ஞாபகமிருக்கிறது. ஒரு புதிய ஊருக்குப் போய், அந்த ஊரில் கடைக்குப் போகவும் குப்பை போடவும் தெரியாதவளாக ஒரு வகுப்பின் முன்னால் நிற்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான விசாவை ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே பொதுவாகக் கொடுக்கிறார்கள்: அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. இந்த நாடுகளிலிருந்து வரும் ஆசிரியர்களைக் குறிக்கக் கொரிய மொழியில் 'வொனொமின்' என்றொரு சொல் இருக்கிறது. மூலமொழியின் மக்கள், அதாவது அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்பது அதன் பொருள். என் ஒப்பந்தத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் இருந்தது. என் தாய்மொழி தமிழ். பதினொரு வயதுக்குப் பிறகு, மற்றவர்களின் வாயைப் பார்த்துப் பார்த்து நான் கற்றுக்கொண்ட மொழி ஆங்கிலம். கடவுச்சீட்டு கனடாவுடையது என்பதால் நான் வொனொமின் ஆகிவிட்டேன். இது என் மனதை முதலில் உறுத்தியது. அந்தப் பன்னிரண்டு நாட்கள் முடியும்போது அது எனக்கு வேறுவிதமாகத் தெரிந்தது; அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டச் சான்றிதழையும் குற்றப்பதிவு இல்லை என்ற பொலிஸ் சான்றிதழையும் கனேடிய அரசிடம் உறுதிப்படுத்தி, பிறகு கொரியத் தூதரகத்திலும் உறுதிப்படுத்தினேன். ஒரு நாட்டின் பத்திரத்தை மற்ற நாடு தூதரக உறுதிப்பாடு இல்லாமலே ஏற்பதற்கான அப்போஸ்தில் உடன்படிக்கைக்குள் கனடா வந்தது 2024 ஜனவரி 11 ஆம் திகதி, என் முகாமின் நான்காம் நாள்; இப்போது போகிறவர்களுக்கு அந்த இரண்டாவது படி குறைந்திருக்கும். எனக்குக் கிடைத்தது 90 நாட்களுக்கு மேற்படாத குறுகியகால வேலை விசா. இதில் ஒரு சிக்கலை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது. நீண்டகாலம் தங்கும் வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் பதிவட்டை குறுகியகாலம் தங்குபவர்களுக்குக் கிடையாது. அந்த அட்டை இல்லாவிட்டால் உங்கள் பெயரில் முறையான தொலைபேசி எண் எடுப்பது கடினம். அந்த எண் இல்லாவிட்டால் கொரிய இணையத்தளங்கள் கேட்கும் ஆளடையாள உறுதிப்பாட்டைத் தாண்ட முடியாது. ஆகவே சாப்பாடு வரவழைப்பது முதல் புகையிரதச் சீட்டு வரை, கைத்தொலைபேசியால் ஆகும் என்று நம்பிப் போகும் பல காரியங்கள் அங்கே ஆகாமல் போகலாம். விமான நிலையத்தில் முற்பணச் சிம் அட்டையொன்றும், பேருந்துக்கும் சுரங்க இரயிலுக்கும் பொதுவான ரீ-மணி அட்டையொன்றும் வாங்கினேன். அந்த அட்டையில் பணம் ஏற்றுவதற்குத் தாள்காசு வேண்டியிருந்தது. கூகுள் வரைபடம் அப்போது அங்கே நடைவழி காட்டவில்லை என்பதால் கொரியாவின் நேவர் வரைபடத்துக்கு மாறினேன். பொலிசுக்கு 112, தீயணைப்புக்கும் அம்புலன்சுக்கும் 119 என்ற இரண்டு எண்களையும் ஒரு துண்டில் எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தங்குவதற்கு நான் தெரிந்தெடுத்த ஊர் சுவொன், சியோலுக்குத் தெற்கே இருப்பது. 1794க்கும் 1796க்கும் இடையில் ஜொங்ஜோ மன்னர் கட்டுவித்த ஹ்வாசொங் கோட்டைமதில் இன்றும் அந்த ஊரின் நடுப்பகுதியைச் சுற்றி நிற்கிறது. வாடகை வீட்டுக்குப் பெரிய முற்பணம் கேட்பது கொரிய வழக்கம் என்பதால், என்னைப்போல் சில வாரங்களுக்கு வருபவர்கள் நாடுவது 'கோசிவொன்' எனப்படும் சிற்றறைகளை. அரசாங்கப் பரீட்சைகளுக்குப் படிப்பவர்களுக்காகத் தொடங்கிய இடங்கள் இவை. பெயரிலும் அந்தப் பரீட்சை இருக்கிறது. என் அறையில் கட்டிலை விட்டால் ஒரு மேசையும், கையை நீட்டினால் எட்டும் யன்னலும் மட்டுமே இருந்தன. பொதுச் சமையலறையில் பெரிய சோற்றுப்பானை ஒன்று எந்நேரமும் சூடாக இருக்கும்; சோறும் கிம்ச்சியும் வாடகையோடு சேர்ந்தவை. சுவர்கள் மெல்லியவை, பக்கத்து அறையில் புத்தகத்தின் தாள் புரளுவதும் கேட்கும்.

வெளியே பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை. ரொறன்ரோவில் இருபது குளிர்காலங்களைக் கண்ட எனக்கு அது புதிதல்ல. புதிதாக இருந்தது நிலம். கனடாவில் சுவர்த் துவாரங்களால் சூடான காற்று வரும், கால் குளிர்ந்தபடி இருக்கும். அங்கே நிலத்துக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அந்த நிலத்தை மிதித்தபோது, வெயில் பட்டுக் காய்ந்த சீமெந்து விறாந்தையில் காலை வைத்ததுபோல் இருந்தது. முதல் இரவே கட்டிலை விட்டிறங்கிப் போர்வையை நிலத்தில் விரித்துப் படுத்தேன்.

அந்தக் கோசிவொனை நடத்தியவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. இரண்டாம் நாள் காலையில், நான் கட்டிப் போட்ட குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் அறைக்கதவைத் தட்டினார். கொரியாவில் 1995 முதல் குப்பையை அளவுக்குக் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். நகரத்தின் பெயர் அச்சிட்ட பையைக் கடையில் வாங்கி அதற்குள்தான் பொதுக்குப்பையைப் போடலாம். உணவுக்கழிவு தனி, பிளாஸ்ரிக் தனி, கடதாசி தனி. இவ்வளவும் நான் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அவர் சமையலறை மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, நான் உணவுக்கழிவோடு போட்டிருந்த முட்டைக்கோதை விரலால் எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். கைகளால் பன்றியைப்போல் காதுகளைக் காட்டி, சாப்பிடுவதுபோல் வாயை அசைத்து, பிறகு முட்டைக்கோதைக் காட்டித் தலையை ஆட்டினார். உணவுக்கழிவு விலங்குத் தீவனமாகிறது, விலங்கு தின்ன முடியாதது உணவுக்கழிவு ஆகாது. எலும்பும் அப்படி, தேயிலைத் தூளும் அப்படி. ஒரு சொல்லும் பொதுவாக இல்லாத நிலையில் ஒரு விதியை மட்டும் சொல்லாமல் அதன் காரணத்தையும் சேர்த்து விளக்கிய அந்த ஐந்து நிமிடத்தை, நான் பார்த்த மிகச் சிறந்த வகுப்புகளில் ஒன்றாக எண்ணுகிறேன்.

அவரை எப்படி அழைப்பது என்று தடுமாறினேன். "இமோ" என்று கூப்பிடச் சொல்லித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் தேடினால் இதற்கு 'ஆன்ட்' என்று வரும்; அந்த விளக்கம் பாதிதான் சரி. இமோ என்றால் தாயின் சகோதரி, நம்முடைய பெரியம்மா அல்லது சின்னம்மா. தந்தையின் சகோதரிக்குக் கொரியாவில் கோமோ என்று வேறு சொல். யாழ்ப்பாணத்தில் அவர் மாமி. உணவுக்கடையில் பரிமாறும் முன்பின் தெரியாத பெண்ணையும் அங்கே இமோ என்றுதான் அழைக்கிறார்கள், கோமோ என்று அழைப்பதில்லை. தாய்வழியின் நெருக்கம் அந்தச் சொல்லில் இருக்கிறது என்பதை ஒரு தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆங்கில வழியாகப் போனால் ஒற்றைச் சொல்லாக மங்கிவிடுகிற வேறுபாடு, தமிழ் வழியாகப் போனால் அப்படியே கையில் கிடைக்கிறது. அன்றிரவு என் கொரியப் பாடக் கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த பொருள்களையெல்லாம் வெட்டிவிட்டுத் தமிழில் எழுதத் தொடங்கினேன்.

எழுத்துகளில் இந்த மாற்றம் இன்னும் பெரிய பயனைத் தந்தது. செஜொங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட கொரிய எழுத்து முறையில் அடிப்படை எழுத்துகள் 24: மெய் பதினான்கு, உயிர் பத்து. உயிரும் மெய்யும் சேர்ந்து ஒரு கட்டமாக நிற்பதால், உயிர்மெய் எழுதிப் பழகிய கைக்கு அது அந்நியமாகத் தெரியாது. ஆனால் நான் வியந்தது வேறொன்றைக் கண்டு. கொரிய மொழியில் 'ப' என்ற எழுத்து சொல்லின் முதலில் வல்லொலியாகவும் இரண்டு உயிர்களுக்கு நடுவில் மெல்லிய அதிரொலியாகவும் ஒலிக்கிறது, எழுத்து மாறுவதில்லை. சோயாக்கட்டிக்கு அங்கே 'துபு' என்று பெயர். இந்தச் சொல்லைத் தமிழில் எழுதி, 'சபை' என்பதில் பகரத்தை எப்படி ஒலிக்கிறோமோ அப்படியே வாசித்தால் கொரியர் சொல்வதுபோலவே வந்துவிடும். உரோமன் எழுத்துக்கு இது பெரும் தலையிடி. புசான் என்ற துறைமுக நகரத்தின் பெயரை 'B' எழுத்தில் தொடங்குவதா, 'P' எழுத்தில் தொடங்குவதா என்ற குழப்பத்துக்கு 2000ஆம் ஆண்டில் அரசே தலையிட்டு உரோமன் எழுத்துக்கூட்டலை மாற்ற வேண்டியிருந்தது. 'புசான்' என்று தமிழில் எழுதுகிறவருக்கு அந்தக் கேள்வியே எழாது.

எல்லாமே இப்படி இலகுவாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கொரிய மொழியில் சாதாரண ககரம், மூச்சோடு வரும் ககரம், தொண்டையை இறுக்கிச் சொல்லும் ககரம் என்று மூன்று உண்டு. மூன்றாவதை நம்முடைய 'க்க' ஓரளவு தொட்டுவிடும். இரண்டாவதுக்கு எனக்குக் கடைசிவரை நாக்கு வளையவில்லை. இமோ தன் வாய்க்கு முன்னால் கைத்துடைப்புத் தாளைப் பிடித்து, அது பறக்கும்படி சொல்லிக் காட்டுவார். என் தாள் பெரும்பாலும் அசையாமலே நிற்கும்.

வாயின் முன் தாளைப் பிடிக்கும் அதே வித்தையைத்தான், கனடாவில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பில் என் ஆசிரியை எனக்குச் செய்துகாட்டினார். அது ஞாபகம் வந்த பிறகுதான் மற்றொன்றையும் கவனித்தேன். கொரிய உயிர்களில் ஒன்று வெறும் கிடைக்கோடு. நிலத்தைக் குறிப்பது என்று அந்த எழுத்தின் பழைய விளக்கநூல் சொல்கிறது. உதட்டைக் குவிக்காமல் 'உ' சொன்னால் அந்த ஒலி வரும். ஆங்கிலம் பேசுவோருக்கு மிகவும் கடினமானது என்று என்னிடமிருந்த பாடநூல் அதற்குத் தனிப் பயிற்சி கொடுத்திருந்தது. நான் அதைச் சொல்லிப் பார்த்தேன். 'பாட்டு' என்பதன் கடைசியில் வருவது. 'காடு' என்பதன் கடைசியில் வருவது. அரை மாத்திரை என்று தொல்காப்பியம் அளந்துவைத்த நம் குற்றியலுகரம்தான் அது. வல்லின மெய்யில் சொல்லை முடிக்கத் தமிழ் விடாது. ஆகவே ஆங்கிலச் சொல்லை நம் வாய் வாங்கும்போது 'கேக்கு', 'பஸ்ஸு' என்று ஒரு சிறு உகரத்தை ஒட்டிக்கொள்ளும். கொரிய வாயும் அதே உகரத்தை அதே இடத்தில் ஒட்டுகிறது. பேருந்து அங்கே 'பொஸு'. கேக் அங்கே 'கேய்க்கு'. மெய்கள் நெருங்கி வரும் இடங்களிலும் அது நுழைந்துவிடும்: ஆங்கிலத்தில் ஓரசையாக வரும் 'ஸ்ட்ரைக்' கொரிய வாயில் ஸு-து-ரா-இ-கு என்று ஐந்தாக விரியும். ஆங்கில 'f' ஒலியைப் பகரத்தால் எழுதும் பழக்கமும் ஒன்றே. யாழ்ப்பாணத்தில் கோப்பி, கொரியாவில் 'கொப்பி'. இரண்டு இடத்திலும் தொலைபேசி போன்தான்.

பல்டால்முன் வாசலைச் சுற்றியுள்ள சந்தையில் நான் இரண்டு பின்னேரங்கள் கடைப்பெயர்ப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்தபடி நடந்தேன். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லும் எங்கே முறிகிறது, எங்கே உகரம் நுழைகிறது என்று கொப்பியில் குறித்துக்கொண்டேன். என்னிடம் படிக்க வரப்போகும் பிள்ளை எந்த இடத்தில் இடறும் என்பதை முன்கூட்டியே காட்டும் வரைபடம் அது. அந்த இடங்கள் பெரும்பாலும் நான் பதினொரு வயதில் இடறிய இடங்களாகவே இருந்தன. ஆங்கிலத்தைத் தொட்டிலிலேயே கேட்டு வளர்ந்த ஓர் ஆசிரியர் 'கேய்க்கு' என்று கேட்டால் பிழை என்று திருத்துவார். அந்த உகரம் ஏன் வருகிறது, அதை விடுவதற்கு வாய் என்ன செய்ய வேண்டும் என்பதை, அதை விட்டுப் பழகியவர்தான் சொல்லிக்கொடுக்க முடியும். வொனொமின் என்ற சொல் என் மனதை உறுத்துவது அந்தச் சந்தையில் நின்றுபோனது.

வெள்ளிக்கிழமைகளில் நான் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவேன். 29 ஆம் திகதி வெள்ளிக்கிழமை மதியம் ஒரு சிறிய உணவுக்கடையில், மனப்பாடம் செய்துவைத்திருந்த "கோகி ப்பேகோ", "கியெரான் ப்பேகோ" என்ற இரண்டையும் சொன்னேன். இறைச்சி வேண்டாம், முட்டை வேண்டாம் என்று பொருள். சோற்றின்மேல் கீரையும் முளைப்பயறும் கரட்டும் அடுக்கிய பிபிம்பாப் வந்தது. கூடவே வந்த சூப்பில் நெத்தலியின் வாசம் அடித்தது, கிம்ச்சியில் மீன்சாறு இருந்தது. இரண்டையும் ஒதுக்கிவைத்தேன். இறைச்சி வேண்டாம் என்பதை மீனும் வேண்டாம் என்று அங்கே யாரும் விளங்கிக்கொள்வதில்லை. மரக்கறி சாப்பிடுபவர்கள் மீன்சாறு, நெத்தலி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

புத்தாண்டன்று காலையில் இமோ என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு ஒரு கிண்ணம் 'த்தொக்குக்' கொடுத்தார். அரிசிமாக் கட்டியை மெல்லிய வட்டங்களாக அரிந்து சூப்பில் போட்ட உணவு அது. புத்தாண்டில் அதைச் சாப்பிட்டால் ஒரு வயது கூடும் என்பது கொரிய மரபு. பிறந்தநாள் எப்போது வந்தாலும் ஜனவரி முதலாம் திகதியில் எல்லோருக்கும் ஒரு வயது ஏறும் பழைய கணக்கை 2023 ஜூன் மாதம் அரசு சட்டத்தால் ஒதுக்கிவிட்டது. இமோவிடம் அந்தச் சட்டம் செல்லவில்லை. விரல்களால் என் வயதைக் காட்டச் சொல்லி, அதில் இன்னொரு விரலைத் தானே நிமிர்த்திவிட்டார். அதே நேரத்தில் அம்மாவின் அழைப்பு வந்தது. "பிள்ளை, சாப்பிட்டனியே?" என்றார். திரையில் அம்மாவைக் கண்ட இமோ, குனிந்து வணங்கி, "பாப் மொகொஸ்ஸொயோ?" என்று அம்மாவிடம் கேட்டார். சோறு சாப்பிட்டீர்களா என்பதுதான் அது. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா, "ஓம், இப்பதான் இடியப்பம் சாப்பிட்டனான் எண்டு சொல்லு" என்றார். இடியப்பத்தை எந்தச் சொல்லால் சொல்வது என்று தெரியாமல், கைகளால் பிழிந்து காட்டினேன்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒவ்வொருவரும் தங்கள் உணவுக்குப் பெயர் ஒட்ட வேண்டும். என் பெயரை ஒரு சிறு தாளில் எழுதித் தந்தவரும் இமோதான். நிர்மலா. அவர் எழுதியதை எழுத்துக்கூட்டினேன்: நி-ரு-மல்-லா. ரகரத்துக்கும் மகரத்துக்கும் நடுவில் அந்தக் கிடைக்கோடு வந்து உட்கார்ந்திருந்தது. கனடாவில் ஆசிரியர்கள் என்னை 'நேர்மாலா' என்றார்கள். ஊரில் எல்லோரும் நிர்மலா என்றபோது, அம்மம்மா ஒருத்திதான் சாகும்வரை என்னை 'நிருமலா' என்று அழைத்தவர். அந்தத் தாளைக் கிழியாமல் எடுத்து இன்றும் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 4 ஆம் திகதி இரயிலேறி, சின்டோரிமில் மாறி, சியோலின் ஹப்ஜொங் நிலையத்தில் இறங்கி யாங்ஹ்வாஜின் அயல்நாட்டார் இடுகாட்டுக்குப் போனேன். அங்கே ஹோமர் ஹல்பெர்ட்டின் கல்லறை இருக்கிறது. 1886இல் அரச பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்க அழைக்கப்பட்டு வந்த அமெரிக்க இளைஞர் அவர். சீன எழுத்தே உயர்ந்தோரின் எழுத்து என்று கருதப்பட்ட காலத்தில், கொரிய எழுத்தைக் கற்று, அந்த எழுத்திலேயே மாணவர்களுக்கு ஒரு உலகப் புவியியல் நூலை எழுதினார். 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலை வெளியிட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்ற கருத்தை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை, அதை ஏற்கச் சொல்லி நானும் வாதாட மாட்டேன். அம்மாவும் அப்பாவும் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றாக ஒலிப்பதை வைத்து உறவு கொண்டாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இரத்த உறவு இல்லாமலே இரண்டு மொழிகள் வினையைக் கடைசியில் வைப்பதும், வேற்றுமையைப் பெயரின் பின்னால் ஒட்டுவதும், ஒரே இடத்தில் ஒரே சிறு உகரத்தைக் கொண்டுவருவதும் எனக்குப் போதுமான அதிசயம். ஹல்பெர்ட் 1949இல், தன் 86ஆம் வயதில், மீண்டும் கொரியா வந்து ஒரு வாரத்திலேயே இறந்தார். கல்லறையில் பனி மூடியிருந்த எழுத்துகளைக் கையுறையால் துடைத்து வாசித்துவிட்டு வந்தேன்.

ஏழாம் திகதி முகாம் நடக்கவிருந்த பல்கலைக்கழக விடுதிக்குப் போனோம். ஆசிரியர்களுக்கான கூட்டத்தில் பிள்ளைகளுக்குக் கழுத்தில் தொங்கவிட ஆங்கிலப் பெயர் எழுதிய அட்டைகள் தயாராக இருந்தன. ஒவ்வொரு பிள்ளையும் பதிவின்போதே ஓர் ஆங்கிலப் பெயரைத் தெரிந்தெடுத்திருந்தது. அட்டையின் மறுபக்கத்தில் அவரவர் கொரியப் பெயரையும் எழுத அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். எனக்கும் இலகுவான பெயர் ஒன்று வேண்டுமா என்று ஒருங்கிணைப்பாளர் பரிவோடுதான் கேட்டார். வேண்டாம் என்றேன். ரொறன்ரோவில் தயாரித்துக் கொண்டுபோயிருந்த முதல்நாள் பாடத்தை அன்றிரவு முழுதாக மாற்றினேன். அதில் விளையாட்டு விதிகளை ஆங்கிலத்தில் விளக்கும் பத்து நிமிடங்கள் இருந்தன; அவற்றை எடுத்துவிட்டு, ஒரு சொல்லும் இல்லாமல் கைகளாலும் பொருள்களாலும் காட்டும்படி எழுதினேன். கழிவறை, தண்ணீர், "எனக்கு விளங்கவில்லை" என்ற மூன்றையும் படமாக வரைந்து கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கைத்துடைப்புத் தாள் ஒரு பெட்டி வாங்கி மேசையில் வைத்தேன்.

எட்டாம் திகதி காலை ஒன்பதரை மணிக்கு, ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட வயதுடைய பதினான்கு பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் இருந்த சிறுவன் தன் அட்டையை உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்திருந்தான். நான் ஒன்றும் சொல்லாமல் பலகைக்குத் திரும்பி, இமோ எழுதித் தந்ததுபோலவே என் பெயரைக் கொரிய எழுத்தில் எழுதினேன். மகரத்தின் சதுரம் கொஞ்சம் கோணலாக வந்தது. அறையில் ஒரு கணம் அமைதி. பிறகு பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை மெதுவாகத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்து, எழுத்தெழுத்தாக, உரத்து வாசித்தார்கள்.

"நி-ரு-மல்-லா!"

"ஓம்" என்றேன்.